சேர்ந்தும் தனித்தனியாகவும்

மண்டோர் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற செய்தியை நான் ஏழாவது ஆளாகத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் முடிவெட்டுகிறவருக்கும், கோயில் குருக்களுக்கும், மீ கோரெங் கடைக்காரருக்கும், சமையல் கேஸ் சிலிண்டரான தோம்பு கொண்டுவரும் சீனருக்கும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அந்த அம்மாவின் மருமகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரே வீட்டில் மண்டோரின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவரும் பதினோரு அடியும்தான்.

"ஏன் மண்டோரே, ஊரே பேசுது, எனக்குக் கடைசியாவா சொல்றது?" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னா கணக்குப் பாப்பீங்க லா, கிராணி. அதான் கொஞ்சம் ஆறப் போட்டேன்" என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களுக்குள் இல்லை. சுவாவுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தில் அவர் இருபத்தாறு வருடம் வெளிக்காட்டு மண்டோராக ஆள்களை வேலை வாங்கினார். நான் ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதினேன். தோட்டத்தை விற்று, குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னபோது இருவருமே மனைவியை இழந்தவர்களாக இருந்தோம். என் மகன் ஜொகூர் பாருவுக்குக் கூப்பிட்டான். அவன் வீடு பத்தொன்பதாவது மாடி. ஒரு முறை போய் நான்கு நாள் இருந்தேன். அந்த நான்கு நாளில் மின்தூக்கி இரண்டு முறை நின்றுபோனது. அங்கே என்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மண்டோருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே தோட்டத்து ஓரத்திலேயே புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில், பின்வாசலைத் திறந்தால் செம்பனை தெரிகிற ஒரு வரிசை வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். மாதம் அறுநூறு வெள்ளி, ஆளுக்கு முந்நூறு. என் கையில் இருப்பதற்கு முந்நூறு சரி. அறுநூறு என்றால் ஒன்பது மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா கோலா பிலாவில் இருக்கிற மலாய்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆசிரியர்களை மலாயில் அழைப்பதுபோலவே எல்லோரும் அவரைச் சிக்கு என்பார்கள், நாங்களும் அப்படித்தான். இருபத்து நான்கு மாத ஒப்பந்தம் ஒன்பது பக்கத்தில் மலாயில் இருந்தது. மண்டோர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் தள்ளினார்.

"நீங்க படிங்க. நீங்க சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்."

தோட்டத்தில் அவருக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றையும் நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். நாலாம் பக்கத்தில், வாடகைக்கு இருக்கிற இருவரும் "பெர்செசாமா டான் பெராசிங்கான்" பொறுப்பு என்று இருந்தது. எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். "சேர்ந்தும் தனித்தனியாகவும்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்படின்னா?"

"தோட்டத்துல ஒரு வீட்ட ரெண்டு குடும்பத்துக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. கூரை ஒண்ணு, அடுப்பு ரெண்டு. சேர்ந்து இருப்போம், அவங்கவங்க பங்க அவங்கவங்க கொடுப்போம்."

"ரொம்ப நல்ல சட்டமாச்சே!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். ஒப்பந்தத்துக்கு முத்திரை வாங்கவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் காட்ட முடியாது என்று சிரம்பானுக்கு இரண்டு பஸ் ஏறிப்போய் அதையும் செய்து முடித்தேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குறை இல்லை என்று சொல்ல முடியாது; அவர் பல் விளக்கும்போது பாடுவார், சீனி டப்பாவை மூடமாட்டார். ஆனால் பெரிய குறை இல்லை. ஏழாவது மாதம் முடியப்போகிறபோதுதான் இந்தக் கல்யாணப் பேச்சு.

மணப்பெண்ணை எனக்கும் தெரியும். எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்தவர், தனக்கென்று யாரும் இல்லாமல் கோலா பிலாவில் சொந்தமாக ஒரு சிறிய வீடு வாங்கி இருந்தார். ஆயாம்மா என்போம். அவரும் மண்டோரும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, பிறகு கைத்தொலைபேசியில் குரல்செய்தி அனுப்பிப் பேசியிருக்கிறார்கள். அவர் பல் விளக்கும்போது பாடியதெல்லாம் அதற்கு ஒத்திகை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சந்தோஷம். அப்ப வீடு?" என்று கேட்டேன்.

"நான் அங்க போயிருவேன். நீங்க இங்க இருங்க. தனித்தனின்னு நீங்கதானே சொன்னீங்க? என் பங்கோட நான் போறேன், உங்க பங்கோட நீங்க இருங்க."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் பாதி காலியாக இருக்கப்போகிறது. அந்தப் பாதிக்கு ஆள் பிடிப்பது சிக்குவின் வேலை. இருந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று ஏழு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

சிக்கு முதலில் கேட்டது, "அவர் போகிற வீடு யார் பெயரில் இருக்கிறது?" என்று.

"அந்த அம்மாவின் பெயரில்."

"பிறகென்ன!" என்று சிரித்தார். "எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டியவன்தான். என் தாத்தா அப்படி வந்தார், என் அப்பா வந்தார், என் வீட்டுக்காரரும் வந்தார். மனைவி வீட்டுக்குப் போகிற ஒருவரை நான் பிடித்து வைத்தேன் என்று தெரிந்தால் என் அம்மா இந்த வயதிலும் என்னைத் திட்டுவார்."

இரண்டே நாளில் கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மண்டோருக்கு இந்த வீட்டின்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை, வாழ்த்துகள், என்று மூன்று வரி. மண்டோர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆயாம்மா வீட்டுக் கூரையைச் செப்பனிட வேண்டும் என்று கோலா பிலாவில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

முதல் தேதி வந்தது. வழக்கம்போல் முந்நூறு வெள்ளி அனுப்பினேன். மாலையில் சிக்குவிடமிருந்து செய்தி: "மீதி முந்நூறு?" பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். நான் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைப் படமெடுத்து, "பெராசிங்கான்" என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன். "அந்தச் சொல்லுக்குத்தான் கேட்கிறேன். யாராவது வழக்கறிஞரிடம் காட்டுங்கள்" என்று பதில் வந்தது. இந்த முறை முகம் இல்லை.

ராசாவில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. எனக்குப் பன்னிரண்டாம் எண் சீட்டு. நெகிழி மேசைக்குப் பின்னால் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பக்கத்தையும் நான் படித்ததைவிட வேகமாகப் படித்தார்.

"அங்கிள், இது பாதிப் பாதி இல்ல. பெர்செசாமான்னா ரெண்டு பேரும் சேர்ந்து முழுசுக்கும் பொறுப்பு. பெராசிங்கான்னா தனியா எடுத்தாலும் ஒவ்வொருத்தரும் முழுசுக்கும் பொறுப்பு. ஒருத்தர் போயிட்டா, இருக்கறவர்கிட்டயே முழு வாடகையும் கேக்கலாம்."

"தனித்தனின்னாலும் முழுசா?"

"தனித்தனின்னாத்தான் அங்கிள் முழுசு."

தனித்தனி என்றால் பங்கு என்று அறுபத்தெட்டு வருடமாக நினைத்திருந்தவன் நான். அப்படியானால் வீட்டைப் பூட்டிவிடுவார்களா என்று கேட்டேன்.

"சும்மா பூட்ட முடியாது. கோர்ட் உத்தரவு இல்லாம உங்கள வெளியேத்த முடியாது, சாமான வெளிய வைக்க முடியாது. அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா பாக்கி ஏறிக்கிட்டே போனா அவங்க கேஸ் போடலாம், ஜெயிக்கவும் செய்வாங்க. முன்பணமும் அதுல போகும்."

"மண்டோரத்தான் சிக்கு விட்டுட்டாங்களே?"

அந்தப் பெண் அப்போது முதன்முறையாகச் சிரித்தார். "அவங்க விட்டாங்க. நீங்க விடலையே! வீட்டுக்காரங்க ஒருத்தர விடுவிச்சாலும் மத்தவருக்கு அவர் தரவேண்டிய பங்கு போகாது. நீங்க முழு வாடகையும் கட்டிட்டு, அவர் பாதிய அவர்கிட்ட கேக்கலாம். மிச்சம் பதினேழு மாசத்துக்கும். கொடுக்கலைன்னா சின்னத் தொகை வழக்குக்குன்னு கோர்ட்டுல தனி வழி இருக்கு, லாயரே வேணாம்."

உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் கணம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பதினேழு முந்நூறு ஐயாயிரத்து நூறு, மனதிலேயே போட்டுவிட்டேன். வீடு தப்பியது, பத்தொன்பதாவது மாடி ஒழிந்தது. ஏழாவது ஆளாக எனக்குச் சொன்னவரும் ஒரு பாடம் படிப்பார். எழுந்திருக்கப்போனபோது அந்தப் பெண் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"அவருக்கு மலாய் படிக்கத் தெரியுமா, அங்கிள்? யார் இத அவருக்குப் படிச்சுச் சொன்னது?"

நான் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "கேஸ் கீஸுன்னு போறதவிட, அவர் இடத்துக்கு வேற ஒருத்தரப் பிடிங்க. வீட்டுக்காரங்க சம்மதத்த எழுத்துல வாங்குங்க. எல்லாரும் சேர்ந்து புது ஒப்பந்தம் போட்டுட்டா யாருக்கும் யார்மேலயும் பாக்கி இல்ல" என்று அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பதின்மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் கோலா பிலாவுக்குப் பஸ் ஏறினேன். மண்டோர் கூரைமேல் இருந்தார். ஆயாம்மா கீழே நின்று ஆணிகளை ஒரு பால் டின்னில் வைத்து எட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கிராணி! பசியாறியாச்சா?" என்று மேலிருந்து கத்தினார். நான் கீழிருந்தபடியே வழக்கறிஞர் சொன்ன சட்டத்தைச் சொன்னேன். பாதியை அவர் தரவேண்டும், பதினேழு மாதத்துக்கும், என்பதுவரை சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. தகரத்தின்மேல் சுத்தியல் சத்தம் நின்றது.

"சிக்கு காயிதம் கொடுத்துட்டாங்களே?"

"அது சிக்கு பக்கம். நான் இன்னும் விடல."

ஆயாம்மா டின்னைத் தரையில் வைத்தார். "எறங்கி வாங்க நீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, கணக்க முடிச்சிட்டு அனுப்புங்க. அங்க ஒரு வீட்டுக்கு வாடகை, இங்க ஒரு வீட்டுக்குக் கூரைன்னு இழுத்துக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம். இத்தன வருஷம் இருந்தேன், பதினேழு மாசம் இருக்க மாட்டனா?"

மண்டோர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒன்பது படி. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் அவர் தலை சிவந்திருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் கிராணி. தேதியத் தள்ளிப் போட்டுக்கலாம். ஆனா அன்னிக்கு வேற மாதிரி படிச்சீங்களே? கூரை ஒண்ணு, அடுப்பு ரெண்டுன்னு?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தப்பாப் படிச்சிட்டேன்" என்றேன். "அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம் இல்ல. நான் சொன்னத நம்பித்தான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

மண்டோரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். ஏணியே ஆடியது.

"அப்ப இருபத்தாறு வருஷமா எனக்குப் படிச்சுச் சொன்ன காயிதமெல்லாம்? ஒருவேள என்னைய மேனேஜராப் போட்டிருப்பாங்களோ? நீங்கதான் மண்டோருன்னு படிச்சிட்டீங்களோ?"

ஆயாம்மாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. பிறகு சொன்னேன்: மாற்றாள் கிடைத்துவிட்டால் நான் எழுத்திலேயே விடுவிக்கிறேன், இந்த மாதம் பாக்கி நிற்கிற முந்நூறையும் நானே கட்டிவிடுகிறேன், கேட்கமாட்டேன், ஆனால் ஆள் பிடிக்கிற வேலை அவருடையது. நான்கு வாரம் இருக்கிறது.

தோட்டத்தில் ஆள் பிடித்துப் பழகியவர் மண்டோர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. முதல் வாரத்தில் மூன்று பேரை ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். தோட்டத்தில் காலையில் பேர் போடுகிறபோது ஆள்களை வரிசையாக நிறுத்துவாரே, அதே மாதிரி.

முதலாமவர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். அறையைப் பார்க்கவே இல்லை. வாசலைக் காலடியால் அளந்துவிட்டு, "ரெண்டு லோரி நிக்குமா?" என்றார். ஓய்வுபெற்றவருக்கு எதற்கு லோரி என்று கேட்டதற்கு, அது நமக்குள்ளே இருக்கட்டும் என்றார். இரண்டாமவர் நல்லவர், அமைதியானவர். ஆனால் என்னைவிட அதிகமாக எண்ணுகிறவர். மூன்று சன்னல்களிலும் எத்தனை கம்பி என்று எண்ணிச் சொல்லி, ஒன்று குறைகிறதே என்றார். அவர் சொன்னது சரிதான். ஏழு மாதமாக நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அவர் உங்களப் போலவே இருக்காருன்னு ஆசையாக் கூட்டிவந்தேன்லா!" என்று மண்டோர் நொந்துகொண்டார்.

"என்னோட நானே எப்படி மண்டோரே இருக்கறது?"

"நான் இருந்தேன்ல?"

மூன்றாமவர் ராசாக்காரர், கிறிஸ்துவர், ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சில் பணிவு. வாடகைக்குத் தயார், முன்பணத்தில் மண்டோர் போட்ட பாதியை அவருக்கே கொடுத்துவிடத் தயார். ஞாயிறு காலை கோயிலுக்குப் போனால் திரும்ப நான்கு மணி நேரம் ஆகும் என்றார்; அந்த நான்கு மணி நேரத்தை நான் உடனே என் பக்கம் எழுதிக்கொண்டேன். எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஒரே ஒரு விஷயம், ஐயா" என்றார்.

"சொல்லுங்க."

"என்கிட்ட மெர்போக் இருக்கு."

மெர்போக் என்பது சின்னப் புறா. நன்றாகக் கூவுகிற பறவைக்குப் போட்டியெல்லாம் வைப்பார்கள். எத்தனை என்று கேட்டேன். ஒன்பது. ஒன்பதும் எப்போது கூவும் என்று கேட்டேன். விடியும்போது என்றார். எல்லாமா என்றேன். "மொதல்ல ஒண்ணு ஆரம்பிக்கும், அப்பறம் மத்தது" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு தாளில் ஒரு பக்கம் ஒன்பது புறா, மறுபக்கம் பத்தொன்பது மாடி என்று எழுதிப் பார்த்தேன். எண்ணிக்கைப்படியே புறா குறைவு.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் சிக்குவின் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் கூடினோம். ராசாவில் பார்த்த அந்த வழக்கறிஞர் பெண் புது ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார். போக்குவரத்துச் செலவை மண்டோர் கொடுத்தார். பழைய ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது, யாரும் யாரிடமும் இனிமேல் எதுவும் கேட்பதற்கில்லை, என்று ஒரு தாளில் மண்டோர், நான், சிக்கு மூவரும் கையெழுத்துப் போட்டோம். போடுவதற்கு முன் மண்டோர் அந்தத் தாளை என்னிடம் நீட்டவில்லை. வழக்கறிஞரிடம் நீட்டினார்.

"நீயே படிம்மா. கிராணிக்கு இன்னிக்குக் கண்ணு சரியில்ல" என்றார்.

புது ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்குச் சம்மதம் என்ற இடத்தில் எண் கேட்டிருந்தது. சிக்கு ஒன்பது என்று எழுதப்போனார். பறவைக்காரர் தயங்கித் தயங்கி, ஒரு ஜோடி அடைகாக்கிறது, இரண்டு முட்டை, என்றார். சிக்கு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். பிறகு அவர் எழுதியதை வழக்கறிஞர் எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்: "ஒன்பது பறவைகளும், அவற்றுக்குப் பிறக்கிறவையும்." கோர்ட்டில் இது நிற்குமா என்று கேட்டேன். பிறந்தால் பார்த்துக்கொள்ளலாம் அங்கிள் என்றார் அந்தப் பெண்.

கல்யாணம் கோலா பிலா கோயிலில் நடந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சிக்கு தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தார். அந்தக் கிழவி மண்டோரின் கையைப் பிடித்துக்கொண்டு, மனைவி வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மலாயில் வெகுநேரம் சொன்னார். மண்டோர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆயாம்மா மாலையோடு சிரித்ததில் பூ உதிர்ந்தது.

திரும்பும்போது, முந்தின நாளே கூண்டுகளோடு குடிவந்துவிட்ட பறவைக்காரரின் காரில் வந்தேன். கூண்டுகளுக்குப் போர்வை போடவேண்டும் என்று அவர் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பிவிட்டார். வழி நெடுக, முன் அறைச் சன்னல் பக்கம் கூண்டு வைக்கக் கூடாது, தீனியை எறும்பு தொடாத டப்பாவில் வைக்கவேண்டும், விடிவதற்கு முன் ஒன்றாவது வாயை மூடிக்கொண்டிருக்குமா, என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் ஐயா" என்றார். ஆகாது என்று எனக்குத் தெரியும்.

வெயில் சாயும்போது சுவாவுக்கு வந்து சேர்ந்தோம். செம்பனைப் பக்கமிருந்து காற்று வந்தது. உள்ளே புறாக்கள் ஆள் வந்த சத்தம் கேட்டுப் படபடத்தன. அவர் சட்டைப்பையில் தன் சாவியைத் தேடி எடுத்தார். எடுத்தவர் திறக்காமல் ஒதுங்கி நின்றார்.

"நீங்க தொறங்க ஐயா. ஒப்பந்தத்துல உங்க பேருதான் மொதல்ல இருக்கு."

நான் திறந்தேன்.